சாப்பாட்டின் மணமும் பதமும் ஒத்துக்கொள்ளாத பிள்ளை

மீள்குடியேறும் குடும்பங்களின் பெற்றோருக்கான பாடம்

உங்கள் பிள்ளை நாலைந்து வகைச் சாப்பாட்டைத் தவிர வேறெதையும் தொடுவதில்லையா? குழைத்த சோற்றை வாயருகே கொண்டுபோனதும் ஓங்காளிக்கிறதா? மீன் பொரிக்கும் மணம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுகிறதா? ஒரே கடையின் ரஸ்க்கைச் சாப்பிட்டுவிட்டு, வேறு கடையின் ரஸ்க்கைத் தள்ளிவிடுகிறதா? அப்படியானால் இந்தப் பாடம் உங்களுக்கானது. வீட்டில் சமைக்கும் மற்றவர்களையும் கூட்டிவைத்து வாசியுங்கள்.

1. உங்களுக்குத் திரும்பி வருதல், பிள்ளைக்கு இடம்பெயர்தல்

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, மல்லாகம் கோணப்புலம், சுன்னாகம் சபாபதிப்பிள்ளை போன்ற நலன்புரி நிலையங்களில் இருபது வருடங்களுக்கு மேல் வாழ்ந்தன. காணிகள் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 யூலையில்தான் திரும்பக் கிடைத்தது. பெற்றோருக்கு இது சொந்த மண். முகாமில் பிறந்த பிள்ளைக்கோ முகாம்தான் ஊர். அங்கிருந்து புறப்படும் நாள், அதற்கு முதலாவது இடம்பெயர்வு.

சாப்பாட்டில் இந்த மாற்றம் உடனே தெரியும். கிணற்றுத் தண்ணீர் மாறுகிறது. குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். ஒரு கிணற்றின் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்கும். கடற்கரைப் பக்கம் போகப்போக உவர்ப்பு ஏறும். தண்ணீர் மாறினால் சோற்றின் ருசியும் தேத்தண்ணீரின் நிறமும் மாறும். சங்கக்கடையில் கிடைக்கும் நிவாரண அரிசி வேறு, முன்பு சமைத்த அரிசி வேறு. உள்நாட்டு முகாமில் வளர்ந்த பிள்ளை, கருவாடு காயும் கடற்கரைக்கு வருகிறது. தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பிய பிள்ளைக்கு இட்லியும் சாம்பாரும் பழக்கம். இங்கே புட்டும் சொதியும்.

பெரும்பாலான பிள்ளைகள் சில கிழமைகளில் பழகிவிடுவார்கள். மணத்தையும் பதத்தையும் மிகக் கூர்மையாக உணரும் பிள்ளைக்கு அது இலேசான காரியமல்ல. அது முன்பு சாப்பிட்டவற்றையும் ஒவ்வொன்றாகக் கைவிடத் தொடங்கலாம். பத்து வகை எட்டாகி, எட்டு ஐந்தாகும். கைவிட்டதன் இடத்தில் புதிதாக ஒன்றும் வராது. நிறை குறையத் தொடங்குவது இங்கேதான்.

இந்தப் பாடத்தில் நீங்கள் மறக்கக்கூடாத விடயம் ஒன்று: முதலில், பிள்ளை இப்போது சாப்பிடுவதைக் காப்பாற்றுங்கள். புதியதைப் பழக்குவது அதற்குப் பிறகு.

2. இது பிடிவாதமா?

இரண்டு வயதளவில் பிள்ளைகள் புதிய சாப்பாட்டைக் கண்டு பின்வாங்குவது இயல்பு. ஆறு வயதுக்குள் பெரும்பாலும் அது குறைந்துவிடும். நாம் இங்கே பேசுவது அதைப் பற்றியல்ல.

சில பிள்ளைகளின் நாக்கும் மூக்கும் வாயின் உட்புறமும் நாம் உணர்வதைவிடப் பல மடங்கு அதிகமாக உணர்கின்றன. வெண்டிக்காயின் வழுவழுப்பு உங்களுக்குச் சாதாரணம். அந்தப் பிள்ளைக்கு அது வாயில் சளியை வைத்ததுபோல இருக்கலாம். மென்மையான சோற்றுக்குள் திடீரெனக் கடிபடும் கடுகு, அதற்குக் கல் கடிபட்டதுபோல. ஓங்காளம் நடிப்பல்ல, உடம்பு தானாகச் செய்வது.

அமெரிக்காவில் லியோ கானர் என்ற மனநல வைத்தியர் 1943இல் ஓட்டிசம் உள்ள 11 பிள்ளைகளைப் பற்றி முதன்முதலில் எழுதியபோதே, அவர்களிற் பலருக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே சாப்பாட்டுச் சிக்கல் இருந்ததைக் குறிப்பிட்டார். உணவைத் தவிர்ப்பதும் உணவு வகைகள் மிகக் குறுகிப்போவதும் தனியான ஒரு மருத்துவ நிலையாக 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கைநூலிற் சேர்க்கப்பட்டன. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இது அதிகம். ஆனால் இப்படிச் சாப்பிடும் பிள்ளைகள் எல்லோருக்கும் ஓட்டிசம் என்று நினைக்கவேண்டாம். குறைமாதத்திற் பிறந்த பிள்ளைகளிடமும், குழாய் மூலம் பாலூட்டப்பட்ட பிள்ளைகளிடமும், வேறு எந்தக் குறையும் இல்லாத பிள்ளைகளிடமும் இது காணப்படும்.

ஆகவே இது தாயின் வளர்ப்புக் குறையல்ல. செல்லம் கொடுத்ததால் வந்ததுமல்ல.

“பசி வந்தால் தானாகச் சாப்பிடும், விடு” என்று பலர் சொல்வார்கள். சாதாரணப் பிள்ளைக்கு அது பொருந்தலாம். இந்தப் பிள்ளைக்குப் பொருந்தாது. இத்தகைய பிள்ளைகள் பசித்திருந்தும் சாப்பிடாமல், நோயாளியாகும்வரை போவதுண்டு. பட்டினி போட்டுப் பார்க்கவேண்டாம்.

3. வேறு காரணம் உண்டா என்று முதலில் பாருங்கள்

சாப்பிட மறுப்பதற்கு உடம்பில் வேறு காரணமும் இருக்கலாம். சொத்தைப்பல், வாய்ப்புண், தொண்டை வீக்கம், பல நாள் மலச்சிக்கல், பூச்சித்தொல்லை, சாப்பிட்டதும் நெஞ்செரிவு ஆகியவை இருக்கின்றனவா என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் அல்லது வைத்தியரிடம் காட்டுங்கள். முன்பு நன்றாகச் சாப்பிட்ட பிள்ளை திடீரென நிறுத்தியிருந்தால், நோ அல்லது பயம் காரணமாக இருக்கலாம். செல் சத்தத்தையும் இழப்பையும் கண்ட பிள்ளைகள், வருடங்கள் கழித்தும் சாப்பாட்டிலும் நித்திரையிலும் அதைக் காட்டுவார்கள். யாழ்ப்பாணத்தில் சாந்திகம் போன்ற நிறுவனங்கள் உளவளத்துணை வழங்கிவருகின்றன.

சாப்பாட்டுக்கு இடையில் என்ன உள்ளே போகிறது என்பதையும் பாருங்கள். நாள் முழுவதும் பிஸ்கட்டும் இனிப்புத் தேத்தண்ணீரும் போனால் பசியே வராது. சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணீர், உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பிற் சேர்வதையும் தடுக்கும். தேத்தண்ணீர் கொடுப்பதானால் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்னோ பின்னோ கொடுங்கள்.

4. குடிபெயரும் முன் செய்யவேண்டியவை

ஒரு தாளில், பிள்ளை இப்போது சாப்பிடும் எல்லாவற்றையும் எழுதுங்கள். “சோறு” என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த அரிசி, எவ்வளவு குழைவு, சூடாகவா ஆறியா, எந்தக் கோப்பையில், யார் கையால் என்பதையும் எழுதுங்கள். இது பிள்ளையின் “நம்பிக்கைச் சாப்பாடு” பட்டியல். இருபது வகைக்குக் குறைவாக இருந்தால் கவனம் தேவை.

பிறகு:

• பிள்ளையின் கோப்பை, பேணி, கரண்டி ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மூட்டைக்குள் கட்டிவிடவேண்டாம். முதல்நாள் பின்னேரமே அவை தேவைப்படும்.

• பழைய அரிசியில் இரண்டு கிழமைக்குப் போதுமான அளவை ஒதுக்கி வையுங்கள். பிள்ளைக்கு மட்டும் அதிற் சமையுங்கள்.

• முடிந்தால் பழைய கிணற்றுத் தண்ணீரை ஒரு கானில் கொண்டுபோங்கள். பல வருடம் பாவிக்காத கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கிக் குளோரின் இடாமல் குடிக்கக்கூடாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். குளோரின் மணத்தால் பிள்ளை தண்ணீரைத் தள்ளினால், கொதிக்கவைத்து, மூடி ஆறவிட்டு, சுத்தமான இரண்டு பாத்திரங்களுக்கிடையே மாற்றி மாற்றி ஊற்றுங்கள். மணம் குறையும்.

• புதிய இடத்தை முன்கூட்டியே ஒரு தடவை காட்டுங்கள். அங்கே இருந்து பழைய சாப்பாடு ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

5. தகரக் கொட்டிலிற் சாப்பாட்டு நேரம்

தற்காலிகக் கொட்டிலில் அடுப்பும் பாயும் ஒரே இடத்தில். மத்தியானம் தகரம் காய்ந்து உள்ளே இருக்க முடியாது. இந்த நிலையிற் செய்யக்கூடியவை உண்டு.

சமையலை வெளியே ஒரு இறக்கின்கீழ் வையுங்கள். தாளித்த மணமும் புகையும் அடங்கிய பிறகு பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். வெக்கையான மத்தியானத்தில் அதிகம் எதிர்பார்க்கவேண்டாம். காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் கொடுக்கும் சாப்பாட்டைப் பலமாக்குங்கள். வேப்பமரத்து நிழல் இருந்தால் அதுவே நல்ல சாப்பாட்டறை.

ஒரே இடம், ஒரே நேரம், ஒரே பாய். சுவரிற் சாய்ந்து நிலத்தில் இருக்கலாம். கதிரையில் இருப்பதானால் கால் தொங்கக்கூடாது. காலுக்குக் கீழே ஒரு பலகையை வையுங்கள். உடம்பு நிலையாக இருந்தாற்றான் வாய் நிதானமாக வேலை செய்யும். ஒரு நாளைக்கு மூன்று நேரச் சாப்பாடும் இரண்டு சிற்றுண்டியும். இடையில் இரண்டரை மணித்தியாலமாவது தண்ணீர் மட்டும். ஒரு வேளை 20 முதல் 30 நிமிடம். அதற்கு மேல் இழுக்கவேண்டாம்.

எதை, எப்போது, எங்கே கொடுப்பது என்பது உங்கள் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. கோப்பையில் எப்போதும் பட்டியலிலுள்ள ஒரு சாப்பாடாவது இருக்கவேண்டும். அப்போது பிள்ளை பயமின்றி வந்து இருக்கும்.

6. குழையலும் கூழும்

எங்கள் தாய்மார் அன்பைக் காட்டும் வழி, சோற்றோடு கறி எல்லாம் சேர்த்துக் குழைத்துத் தீத்துவது. இந்தப் பிள்ளைக்கு அதுவே மிகக் கடினமான சாப்பாடு. ஒவ்வொரு வாயிலும் வேறு பதம், வேறு ருசி. அடுத்த வாயில் என்ன வரும் என்று அதற்குத் தெரியாது. ஒடியல் கூழும் அப்படித்தான்: மீன், நண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் ஒரே பாத்திரத்தில்.

ஆகவே பிரித்து வையுங்கள். சோறு ஒரு பக்கம், பருப்பு ஒரு சிறு கிண்ணத்தில், பொரித்தது ஒரு பக்கம், ஒன்றோடொன்று முட்டாமல். பிள்ளை தானே எடுத்துச் சாப்பிடட்டும். கையிற் சாப்பாடு பிசுபிசுப்பது பிடிக்காவிட்டால் கரண்டி கொடுங்கள். பக்கத்தில் ஒரு ஈரத்துணி இருக்கட்டும்.

வாயைப் பிடித்துத் திறப்பது, மூக்கைப் பொத்துவது, பொலிஸ் வருது என்று வெருட்டுவது, அழும்போது வாயில் வைப்பது ஆகியவற்றை இன்றோடு நிறுத்துங்கள். அன்றைக்கு நாலு வாய் உள்ளே போகலாம். ஆனால் பிள்ளை அந்தச் சாப்பாட்டையும், அதைத் தீத்திய கையையும் சேர்த்தே பயப்படத் தொடங்கும். அழும் பிள்ளைக்குச் சாப்பாடு புரைக்கேறும் ஆபத்தும் உண்டு.

நம்பிக்கைச் சாப்பாட்டுக்குள் எதையும் ஒளிக்கவும் வேண்டாம். புட்டுக்குள் மருந்துத்தூளையோ முருங்கையிலையையோ ஒளித்து வைத்தால் பிள்ளை கண்டுபிடித்துவிடும். அதற்குப் பிறகு புட்டே போய்விடும்.

7. படிப்படியாகப் பழக்குதல்

புதிய வீட்டிற் பிள்ளை நித்திரை கொண்டு, பட்டியலிலுள்ளதைச் சாப்பிடத் தொடங்கிய பிறகு ஒரு புதிய சாப்பாட்டை எடுங்கள். ஒன்று மட்டும். சாப்பிடுவதற்கு முன் பல படிகள் உண்டு:

பார்த்தல். பக்கத்தில் இருக்கவிடுதல். கையால் தொடுதல். மணத்தல். உதட்டில் வைத்தல். நக்கிப் பார்த்தல். கடித்துத் துப்புதல். மென்று விழுங்குதல்.

ஒவ்வொரு படியும் ஒரு வெற்றி. துப்புவதற்கு ஒரு கிண்ணம் வையுங்கள். துப்பலாம் என்று தெரிந்த பிள்ளை வாயில் வைக்கத் துணியும். இப்படிச் சொல்லுங்கள்: “இது கரட். உன்ரை கோப்பையிலை ஒரு கரையிலை இருக்கட்டும். சாப்பிட வேணுமெண்டு இல்லை.” சாப்பிட்டால் பெரிதாகக் கைதட்டவும் வேண்டாம், சாப்பிடாவிட்டால் முகம் வாடவும் வேண்டாம். சாதாரணப் பிள்ளைக்கே ஒரு புதிய சாப்பாடு பிடிபட 10, 15 தடவை எடுக்கும். இந்தப் பிள்ளைக்கு மாதங்கள் எடுக்கலாம்.

புதிய சாப்பாடு, பிள்ளை ஏற்கனவே சாப்பிடும் ஒன்றின் சொந்தக்காரனாக இருக்கவேண்டும். சில உதாரணங்கள்:

மொறுமொறுப்பை விரும்பும் பிள்ளை: ரஸ்க், பிறகு நன்றாகச் சுட்ட பாண், பிறகு மெல்லிய கோதுமைமா ரொட்டி, பிறகு அதே ரொட்டியிற் கொஞ்சம் குரக்கன் மா. மீனுக்கு: அப்பளம், பிறகு தலை நீக்கி மொறுமொறுவெனப் பொரித்த நெத்தலி, பிறகு முள் நீக்கிப் பொரித்த மீனின் கரைப்பகுதி.

மென்மையை விரும்பும் பிள்ளை: தேங்காய்ப்பாலும் சீனியும் விட்ட இடியப்பம், பிறகு சீனி குறைத்த இடியப்பம், பிறகு வடித்த வெறும் சொதியோடு, பிறகு சொதியில் அவித்த முட்டையின் மஞ்சட்கரு பக்கத்தில்.

மாற்றத்தைப் பிள்ளைக்குத் தெரியாமற் செய்யவேண்டாம். “இண்டைக்கு ரொட்டி கொஞ்சம் மண்ணிறமாய் இருக்கு, குரக்கன் போட்டிருக்கு” என்று காட்டிச் சொல்லுங்கள். பழைய ரொட்டி ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும்.

8. உலர் உணவையும் திரிபோஷாவையும் பயன்படுத்துதல்

நிவாரணமாகக் கிடைக்கும் அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் ஆகியவற்றை வைத்தே பல பதங்களைச் செய்யலாம். பருப்பைக் கரையும்வரை அவித்து வடித்தால் ஒரு பதம். அரைத்து வடையாகப் பொரித்தால் வேறு பதம். கறியாக மறுத்த பிள்ளை வடையாக ஏற்கலாம்.

சோளம், சோயா, பால்மா சேர்ந்த திரிபோஷா, நிறை குறைந்த ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கிளினிக்கிற் கிடைக்கும். சீனியும் தேங்காய்ப்பூவும் சேர்த்துப் பிடித்த உருண்டையைப் பிள்ளை தள்ளினால், திரிபோஷாவே பிடிக்காது என்று முடிவெடுக்கவேண்டாம். உருண்டை வாயில் ஒட்டும். கட்டியில்லாத கஞ்சியாகவோ, கோதுமை மாவோடு சேர்த்துச் சுட்ட மெல்லிய ரொட்டியாகவோ செய்து பாருங்கள். எந்தப் பதம் சரிவந்ததோ அதை எழுதி வையுங்கள்.

நிறை கூடவேண்டிய பிள்ளைக்கு, பட்டியலிலுள்ள சாப்பாட்டின் ருசி மாறாதபடி தேங்காய்ப்பாலோ நெய்யோ எண்ணெயோ கொஞ்சம் கூட்டலாம். முதலிற் சிறிய அளவிற் செய்து, சொல்லிக் கொடுங்கள். முழுக் கச்சானை ஐந்து வயதுக்குக் கீழே கொடுக்கவேண்டாம், புரைக்கேறும்.

9. அம்மம்மாவுக்கும் ஆசிரியருக்கும் சொல்லுதல்

வீட்டில் ஒருவர் விட்டுப்பிடிக்க, இன்னொருவர் அதட்டித் தீத்தினால் பலன் இல்லை. பெரியவர்களின் மனம் நோகாமற் சொல்லுங்கள்: “அம்மம்மா, இவன் பிடிவாதம் பிடிக்கேல்லை. குழைச்ச சோறு இவன்ரை வாயிலை நிக்குதில்லை. நீங்கள் பக்கத்திலை இருந்து சாப்பிட்டுக் காட்டுங்கோ, அது காணும்.” கண்ணூறு கழிப்பதும் கோயிலில் நூல் கட்டுவதும் உங்கள் நம்பிக்கை. அதோடு நிறை பார்ப்பதையும் விடாதீர்கள்.

அயலவர் பிள்ளையின் முன்னால் “இவன் ஒண்டும் தின்னமாட்டான்” என்று சொல்லும்போது, “இவன் இடியப்பம் நல்லாச் சாப்பிடுவான்” என்று நீங்கள் சொல்லுங்கள். பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது.

முன்பள்ளி அல்லது பாடசாலை மாறும்போது, ஆசிரியருக்குப் பட்டியலின் ஒரு பிரதியைக் கொடுங்கள். பாடசாலையிற் பகலுணவு கொடுத்தாலும் வீட்டுச் சாப்பாட்டுப் பெட்டியை அனுமதிக்கவும், மற்றப் பிள்ளைகளின் முன்னால் கட்டாயப்படுத்தாதிருக்கவும் கேளுங்கள்.

10. எப்போது உடனே உதவி தேட வேண்டும்?

பிள்ளை சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைக் குடிபெயரும்போது தொலைக்காதீர்கள். தொலைந்திருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் புதியதைக் கேளுங்கள். இப்படியான பிள்ளையை மாதம் ஒருமுறை நிறுத்துப் பார்க்கும்படி கேட்கலாம். கீழ்வருவனவற்றில் ஒன்றைக் கண்டாலும் தாமதிக்கவேண்டாம்:

• நிறைக்கோடு இரண்டு மூன்று மாதம் ஏறாமல் நிற்றல் அல்லது கீழே இறங்குதல்.
• பட்டியலிலுள்ளவை ஒவ்வொன்றாகக் குறைந்து, ஐந்து வகைக்குக் கீழே போதல்.
• தண்ணீர் குடிக்கும்போது இருமல், புரைக்கேறல், அடிக்கடி நெஞ்சுச்சளி.
• உள்ளிமையும் நகமும் வெளிறுதல், சோர்வு. மாலையிற் கண் மங்குதல். முரசிலிருந்து இரத்தம்.
• தண்ணீரையும் மறுத்தல், சலம் மிகக் குறைதல். இதற்கு அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

முதலிற் குடும்பநல உத்தியோகத்தர், பிறகு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. வலிகாமம் வடக்கில் தெல்லிப்பழை, வடமராட்சியிற் பருத்தித்துறை, தென்மராட்சியிற் சாவகச்சேரி, தீவுப்பகுதியில் ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகள் உள்ளன. அங்கிருந்து தேவைப்பட்டால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் பிள்ளை வைத்திய நிபுணரிடம் கடிதம் தருவார்கள். உங்கள் பட்டியலையும் பதிவேட்டையும் கொண்டு செல்லுங்கள். “சாப்பிடுதில்லை” என்று மட்டும் சொல்லாமல், என்ன சாப்பிடுகிறது, எதைக் கண்டு ஓங்காளிக்கிறது என்று காட்டினால் வைத்தியருக்கு வழி தெரியும்.

இந்தக் கிழமை செய்யவேண்டியவை

முதல்நாள்: நம்பிக்கைச் சாப்பாட்டுப் பட்டியலை எழுதுங்கள்.
இரண்டாம் நாள்: சாப்பிடும் இடத்தையும் நேரத்தையும் வீட்டாரோடு பேசித் தீர்மானியுங்கள்.
மூன்றாம் நாளிலிருந்து: பிரித்து வைத்துக் கொடுங்கள், தீத்துவதை நிறுத்தி, பிள்ளையோடு இருந்து நீங்களும் சாப்பிடுங்கள்.
கிழமை முடிவில்: பட்டியலிலுள்ள எல்லாவற்றையும் பிள்ளை இன்னும் சாப்பிடுகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால், புதிதாக ஒன்றும் சாப்பிடாவிட்டாலும் அந்தக் கிழமை நல்ல கிழமை. அடுத்த கிழமை ஒரு புதிய சாப்பாட்டைக் கோப்பையின் கரையில் வையுங்கள்.